கரையிருப்பில் தொடங்கிய யாத்திரை



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் காவேரிப்பட்டினம் திரும்பிக்கொண்டிருந்தேன். காவேரிப்பட்டினம் என்றதும் பூம்புகார் பக்கமா என்று இன்னமும் கேட்கிறார்கள். இல்லைங்க, இது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் இருக்கிற ஊர். காவேரி பெயரில் மட்டும்தான். மாம்பழமும் நிப்பட்டும்தான் எங்கள் அடையாளம்.

மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை மாணவர்களுக்குப் பயன்படும்படி எழுதித் தரச் சொன்னார்கள். அப்துல் கலாமையும் விஸ்வேஸ்வரய்யாவையும் வேறு பேட்ச்காரர்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டார்களாம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நான் எழுத நினைத்தது ஒரு தமிழ்ப் பண்டிதரைப் பற்றி. மெக்கானிக்கல் படித்தவனுக்குத் தமிழ்ப் பண்டிதரோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு ஹாஸ்டல் சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஒரு ரூம்மேட் இருந்தான். பெயர் வேண்டாம், எங்கள் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். மூன்றாம் வருடத்தில் அவனுடைய அப்பா திடீரென்று இறந்துபோனார். காரியம் எல்லாம் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய அன்று ராத்திரி, லைட்டை அணைத்த பிறகு, இருட்டில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நீ சர்ச்சுக்குப் போறியே, உனக்குக் கடவுள் மேல நம்பிக்கை எப்படிடா வந்துச்சு, என்று. நான் எழுந்து உட்கார்ந்தேன். வாலிபர் முகாமில் மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு பாயிண்டுகளை வரிசையாக ஒப்பித்தேன். ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு வசனம். கடைசியில், நீயும் ஒரு முடிவு எடுக்கணும் என்று முடித்தேன். அவன் சரிடா என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு வாரத்தில் வேறு ரூமுக்கு மாறிப் போனான். அதற்குப் பிறகு நாங்கள் மெஸ்ஸில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு வருஷக்கணக்காகப் புரியவில்லை. கொஞ்சம் புரிய வைத்தவர் 1900ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்ட ஒரு மனிதர். பன்னிரண்டாம் வகுப்பு படித்த என் அக்கா பையனுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோது, இரட்சணிய யாத்திரிகம் என்ற பாடத்தில் அவரைச் சந்தித்தேன். கிறித்தவக் கம்பர் என்று போட்டிருந்தது. அவர்தான் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை.

கம்பன் வளர்த்த பிள்ளை

திருநெல்வேலி அருகே கரையிருப்பு என்ற ஊரில் 1827 ஏப்ரல் 23 அன்று கிருஷ்ண பிள்ளை பிறந்தார். தந்தை சங்கரநாராயண பிள்ளை, தாய் தெய்வநாயகி அம்மாள். வேளாளர் குடும்பம், வைணவப் பற்று மிகுந்த வீடு. தந்தை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஆகவே மற்ற பிள்ளைகள் தாலாட்டு கேட்கிற வயதில் இந்தப் பிள்ளை கம்பன் விருத்தம் கேட்டு வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. வளர்ந்த பிறகு புலவர்களிடம் முறையாக இலக்கண இலக்கியம் கற்றார். இளம் வயதிலேயே தமிழ் அறிந்தவர் என்று பெயர் எடுத்தார்.

அன்றைய திருநெல்வேலிச் சீமையின் நிலவரத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேய மிஷன் சங்கங்கள் ஊர் ஊராகப் பள்ளியும் கோயிலும் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் ஊராக மக்கள் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். அதற்கு எதிர்ப்பும் பலமாக இருந்தது. 1840களில் விபூதி சங்கம் என்ற பெயரில் ஓர் எதிர் இயக்கமே கிளம்பிற்று. கிருஷ்ண பிள்ளை பதின்வயதுப் பையனாக இருந்தபோது சுற்றுப்புறமெங்கும் இந்தச் சண்டைதான் பேச்சு. கிறிஸ்தவம் என்றால் வெள்ளைக்காரன் மதம், சாதியைக் கெடுக்கிற மதம் என்பதுதான் அவரைப் போன்ற குடும்பங்களின் எண்ணம். அவருக்கும் அதன் மேல் வெறுப்புதான் இருந்தது.

வேலை கொடுத்த இடம்

1853ஆம் ஆண்டில் சாயர்புரத்தில் இருந்த மிஷன் கல்விக்கூடத்துக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டார். இது பின்னாளில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் வளர்த்த நிறுவனம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ராபர்ட் கால்டுவெல்லிடம் இருந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அதே கால்டுவெல்தான். அவர் கிருஷ்ண பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். அப்போது பிள்ளைக்கு வயது இருபத்தாறு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நெற்றியில் நாமம் போட்ட ஒரு வைணவர், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க வந்தார். அவரை வேலைக்கு எடுத்தவர்களும் அவருடைய தமிழுக்காகத்தான் எடுத்தார்கள். மாதச் சம்பளம் மிஷனுடையது, மனசு தன்னுடையது என்றுதான் சாயர்புரம் போயிருப்பார். நம்மில் பல பேர் இப்படித்தான் முதல் வேலைக்குப் போகிறோம். கம்பெனி பாலிசியில் நம்பிக்கை இருக்காது, சம்பளத்தில் இருக்கும்!

ஆனால் ஓர் இடத்தில் இருந்துகொண்டே அதைத் தள்ளி வைப்பது கஷ்டம். பக்கத்தில் வாழ்கிறவர்களைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர்களோடு பேச வேண்டியிருக்கும். அவர்கள் படிக்கிற நூலைப் புரட்ட வேண்டியிருக்கும். பிள்ளைக்கும் அதுதான் நடந்தது.

நண்பர் திறந்த கதவு

அவரை அசைத்தது மிஷனரிகளின் பிரசங்கத்தைவிட நெருங்கிய நட்புதான். தனக்கோடி ராஜு என்ற நண்பர், அவரும் வைணவப் பின்னணி உள்ளவர், கிறிஸ்தவரானார். தம்பி முத்தையா பிள்ளையும் அந்தப் பாதையில் வந்தார். அதுவரை சண்டைக்கு எதிர்ப் பக்கத்தில் யாரோ இருந்தார்கள். இப்போது தன் நண்பனே, தன் வீட்டுப் பிள்ளையே அந்தப் பக்கம் நின்றால் என்ன செய்வது? அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்டார், படித்தார், தனக்குள்ளே போராடினார். இதை ஒரு ராத்திரியில் நடந்த மாற்றமாக நினைத்துவிடக் கூடாது. 1853இல் சாயர்புரம் வந்தவர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். நடுவில் ஐந்து வருடங்கள். நம் காலத்தில் ஒரு இன்ஜினியரிங் படிப்பே நாலு வருடம்தான். அதைவிட நீண்ட தேடல் அது.

அவர் மனசில் எழுந்த கேள்வி, மனிதன் தன் பாவச் சுமையைத் தானே இறக்கி வைக்க முடியுமா என்பது. முடியாது, இறைவன் அருள்தான் இறக்க வேண்டும் என்பது வைணவ வீட்டுப் பிள்ளைக்குப் புதிய செய்தி அல்ல. சரணாகதி என்ற சொல்லோடு பிறந்து வளர்ந்தவர் அவர். அந்தப் பழைய தாகம்தான் அவரைப் புதிய கிணற்றுக்கு நடத்திச் சென்றது என்று எனக்குத் தோன்றுகிறது. சிலுவையில் இறைவனே மனிதனுடைய சுமையை ஏற்றுக்கொண்டான் என்ற செய்தி, அவருக்குள் ஏற்கெனவே இருந்த கேள்விக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தது. கேள்வி இல்லாதவனிடம் பதிலைக் கொண்டுபோய்த் திணித்தால் அது உட்காராது. ஹாஸ்டல் ரூமில் நான் செய்தது அதுதான். என் நண்பனுடைய கேள்வி அப்பாவைப் பற்றியது. என்னுடைய பதிலோ நாலு பாயிண்டு.

மயிலாப்பூரில் ஒரு ஞாயிறு

1857 வட இந்தியாவில் சிப்பாய்ப் புரட்சி நடந்த வருடம். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே வருடம்தான். நாடே கொந்தளித்த அந்தக் காலத்தில்தான் கிருஷ்ண பிள்ளை தன் முடிவுக்கு வந்தார். ரயில் இன்னும் திருநெல்வேலியை எட்டவில்லை. சொந்த ஊரில் இருந்துகொண்டு மதம் மாறுவது சாதாரண விஷயமும் இல்லை. அவர் சென்னைக்குப் போனார். 1858 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்கள் கொடுக்கப்பட்டன. இன்னும் ஐந்து நாள் போனால் அவருக்கு முப்பத்தொரு வயது.

அந்தப் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். ஹென்றி ஆல்பிரட் என்ற இரண்டு பெயரும் எச்.ஏ. என்ற இரண்டு இனிஷியலாகச் சுருங்கிவிட்டன. கிருஷ்ணன் அப்படியே இருந்தார், பிள்ளையும் அப்படியே இருந்தது. அப்பா அம்மா வைத்த பெயரை அவர் தூக்கி எறியவில்லை. கிறித்தவக் காப்பியம் பாடிய கவிஞரின் பெயர் கடைசிவரை கிருஷ்ண பிள்ளைதான்.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அன்றைய வேளாளக் குடும்பத்தில் ஒரு பிள்ளை கிறிஸ்தவனானால் வீட்டில் அது சாவு மாதிரி. சாதிக் கட்டு அறுந்துபோகும், உறவு அறுந்துபோகும், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றுபோகும். திருநெல்வேலிச் சபைகளில் பெரும்பாலோர் அன்று மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒதுக்கி வைத்த சாதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு ஒரே வரிசையில் முழங்கால் போடுவது என்பது இவருடைய சாதிக்காரர்களால் நினைத்தே பார்க்க முடியாதது. பின்னாளில் மனைவியும் அதே விசுவாசத்துக்கு வந்து சேர்ந்தார். ஆனால் அந்த முதல் நாட்களின் வலியை எந்த ஞானஸ்நானத் தண்ணீரும் கழுவியிருக்காது.

பெர்சிவலும் இரண்டு தமிழறிஞர்களும்

சென்னையில் பீட்டர் பெர்சிவல் என்பவர் தினவர்த்தமானி என்ற இதழை நடத்தி வந்தார். கிருஷ்ண பிள்ளை அதில் துணையாசிரியராகச் சேர்ந்தார். மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கவும் செய்தார்.

இந்தப் பெர்சிவல் அதற்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அங்கே பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்க அவருக்குத் துணை செய்தவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர். பைபிளை வரிக்கு வரி தெரிந்துகொண்ட நாவலர் (1822-1879) கடைசிவரை சைவராகவே இருந்தார். சைவம் காக்கவே பள்ளியும் அச்சகமும் நடத்தினார். அதே பெர்சிவலிடம் வேலை பார்த்த கிருஷ்ண பிள்ளையோ கிறிஸ்தவர். ஒரே மனிதரின் பக்கத்தில் இருந்த இரண்டு தமிழறிஞர்கள் இரண்டு வழியில் போனார்கள். இரண்டு பேருக்கும் தமிழ் கடன்பட்டிருக்கிறது. நம்பிக்கை என்பது நூலைப் படித்தால் தானாக வந்துவிடுகிற ஒன்றல்ல, கட்டாயப்படுத்தினாலும் வராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு கிருஷ்ண பிள்ளை தெற்கே திரும்பினார். மறுபடி சாயர்புரம், அப்புறம் திருநெல்வேலி மிஷன் கல்லூரி, சில வருடங்கள் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என்று ஆசிரியப் பணியிலேயே காலம் போயிற்று. இலக்கண சூடாமணி என்ற இலக்கண நூலை எழுதினார். மாணவர்களுக்காகப் பழந்தமிழ்க் காவியங்களிலிருந்து தேர்ந்தெடுத்துக் காவிய தரும சங்கிரகம் என்ற தொகுப்பைத் தந்தார். மதம் மாறினாரே தவிர, கம்பனை விட்டுவிடவில்லை. அவருடைய வகுப்பில் படித்த கிறிஸ்தவப் பையன்கள் பழைய காவியங்களையும் சேர்த்தே படித்தார்கள்.

ஈயம் பூசுகிறவரும் பண்டிதரும்

இங்கிலாந்தில் ஜான் பனியன் என்று ஒருவர் இருந்தார் (1628-1688). தொழில், பழைய பாத்திரத்துக்கு ஒட்டுப் போட்டு ஈயம் பூசுவது. படிப்பு கொஞ்சம்தான். அரசாங்க அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் பிடித்துப் பெட்ஃபோர்டு சிறையில் போட்டார்கள். கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம் உள்ளே இருந்தார். சிறையில் இருந்தபோதே, 1666இல், தனக்குள் நடந்த போராட்டத்தை, தன் சந்தேகங்களையும் பயங்களையும் மறைக்காமல், ஒரு புத்தகமாக எழுதினார். அதன் பிறகு 1678இல் வந்ததுதான் பில்கிரிம்ஸ் பிராக்ரஸ் என்ற யாத்திரைக் கதை.

முதுகில் பெரிய சுமையோடு ஒருவன் அழிவுக்குரிய தன் ஊரைவிட்டு ஓடுகிறான். சேற்றில் விழுகிறான், மலை ஏறுகிறான், சிலுவையடியில் சுமை உருண்டு விழுகிறது. அதோடு கதை முடிந்துவிடவில்லை. சுமை போன பிறகும் பள்ளத்தாக்கு வருகிறது, மாயச் சந்தை வருகிறது, சந்தேகக் கோட்டையில் அடைத்துப் போடுகிறார்கள், கடைசியில் ஒரு ஆறு. அதைக் கடந்துதான் நகரத்துக்குள் போக வேண்டும்.

இந்தக் கதையைத்தான் கிருஷ்ண பிள்ளை எடுத்துக்கொண்டார். ஆனால் அப்படியே மொழிபெயர்க்கவில்லை. தன் அப்பா கற்றுக்கொடுத்த கம்பன் நடையில், தமிழ்க் காப்பிய மரபில் புதிதாகக் கட்டினார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள், மொத்தம் 3766 பாடல்கள். பனியன் கதையில் இல்லாத இயேசுவின் வாழ்க்கையையும் பாடுகளையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்தார். பள்ளிப் பாடத்தில் வந்திருப்பது அந்தப் பகுதிதான். விசாரணை மண்டபத்தில் பழிச்சொல்லைக் கேட்டுக்கொண்டு இயேசு பேசாமல் நிற்கிற காட்சி. நற்போதகம் என்ற மாத இதழில் பகுதி பகுதியாக வந்து, பல வருட உழைப்புக்குப் பிறகு 1894 மே மாதம் இரட்சணிய யாத்திரிகம் முழு நூலாக வெளியானது. அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் படிப்பு குறைந்த ஒரு தொழிலாளி சொன்ன கதை, தாமிரபரணிக் கரையில் ஒரு பெரும் புலவருடைய கதையாக மாறிவிட்டது. காரணம், அந்தப் பயணத்தைக் கிருஷ்ண பிள்ளையும் நடந்திருந்தார். ஊரை விட்டுப் போகிறவனைப் பார்த்து வீட்டார் கதறுவதை அவர் புத்தகத்தில் மட்டுமா பார்த்தார்?

சாட்சியும் வக்கீலும்

கிறிஸ்தவர்கள் நடுவில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. எனக்கு நம்பிக்கை எப்படி வந்தது என்று ஒருவர் எழுந்து நின்று சொல்வது. கிருஷ்ண பிள்ளையும் தான் கிறிஸ்தவரான வரலாற்றை உரைநடையில் எழுதினார். தன்னைப் பற்றி அதிகம் பேசாத தமிழ்ப் புலவர் பரம்பரையில், ஒரு பண்டிதர் தன் உள்மனசில் நடந்ததைத் தானே எழுதுவது அன்றைக்கு அபூர்வம்.

அவர் வாதம் செய்யாதவர் என்று சொன்னால் அது பொய்யாகும். இரட்சணிய சமய நிர்ணயம் என்ற அவருடைய நூல் 1898இல் வந்தது. பெயரே சொல்கிற மாதிரி, எது மீட்புக்குரிய சமயம் என்று நிலைநாட்டும் நூல் அது. இரட்சணிய மனோகரம் என்ற பக்திப் பாடல் நூலும் போற்றித் திருஅகவலும் அவருடையவையே. ஆனால் எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பது அந்த வாத நூலை அல்ல, யாத்திரிகத்தைத்தான். கேட்பவனுக்கு எதிரில் நின்று பேசுவதைவிட அவனோடு சேர்ந்து நடப்பது தூரம் போகும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் சாட்சி வேறு, வக்கீல் வேறு. சாட்சி கண்டதைச் சொல்ல வேண்டும். வாதாடுவது, ஜெயிப்பது, தீர்ப்பு வாங்குவது அவன் வேலை இல்லை. நம் தொழில் பாஷையில் சொல்வதானால், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி. வெர்னியர் வைத்து அளந்தது 24.8 என்றால் 24.8 என்றுதான் எழுத வேண்டும். டிராயிங்கில் 25 என்று இருக்கிறதே என்று 25 போட்டு அனுப்பினால், பார்க்க அழகாக இருக்கும். அசெம்பிளியில் மாட்டிக்கொள்ளும். நான் என் நண்பனுக்குக் கொடுத்தது டிராயிங் அளவு. எல்லாம் சரியாக, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது. ஆனால் எதையும் நான் அளந்து பார்த்திருக்கவில்லை.

கடைசி நாட்கள்

கிருஷ்ண பிள்ளை 1900 பிப்ரவரி 3 அன்று காலமானார். வயது எழுபத்திரண்டு. கரையிருப்பில் கம்பன் கேட்டு வளர்ந்து, சாயர்புரத்தில் வெறுப்போடு தொடங்கி, மயிலாப்பூரில் தலை குனிந்து, மறுபடி நெல்லைச் சீமைக்கே வந்து முடிந்த வாழ்க்கை. பெரிய பதவி எதுவும் இல்லை. கடைசிவரை வாத்தியார் வேலைதான். கிறித்தவக் கம்பர் என்ற பெயரைத் தமிழ் உலகம் கொடுத்தது. அந்தப் பெயரிலும் கம்பன் இருக்கிறான் பாருங்கள். அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அவருடைய பட்டப்பெயரே மறைக்கவில்லை.

ஒரு பழைய கடன்

மதம் பற்றி ஒரு கல்லூரி மலரில் எழுதலாமா என்று சில நண்பர்கள் நினைக்கலாம். யாரையும் எங்கேயும் கூப்பிடுவதற்கு இதை எழுதவில்லை. எங்கள் ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குக் கூட்டத்தோடு நானும் நிற்பேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு கேக் தெரு முழுக்கப் போகும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நாலு பாஷை பேசுகிற எல்லை ஊரில் வளர்ந்தவனுக்கு மற்றவன் நம்பிக்கையை மதிக்க யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வருவது இவ்வளவுதான். உங்கள் நம்பிக்கை எதுவானாலும், நம்பிக்கை இல்லை என்றாலும், ஒருவன் இருட்டில் உண்மையாக ஒரு கேள்வி கேட்டால் அவனுக்கு உங்களுடையதைக் கொடுங்கள். கடன் வாங்கியதைக் கொடுக்காதீர்கள்.

என் ரூம்மேட்டுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்லி முடிக்கிறேன். மலர் உன் கைக்கும் வரும் என்று தெரியும்டா.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் அப்பாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஒரு சூப்பர்வைசர் கொடுத்த தப்பான ரிப்போர்ட்தான் காரணம். ஏழெட்டு மாதம் வீட்டில் வருமானம் இல்லை. அம்மா விடியற்காலையில் அடுப்படியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார்கள். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அப்பா பெயர், என் பெயர், அக்கா பெயர், அதற்கடுத்து அந்தச் சூப்பர்வைசரின் பெயர். அவர் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை, வேறு சின்ன வேலைக்குப் போனார். ஆனால் அம்மாவால் அந்தப் பெயரைச் சொல்ல முடிந்தது எப்படி என்று யோசித்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை ஆரம்பித்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. சில நாள் அதுவும் ஆட்டம் காணும். உன் அப்பா ஏன் போனார் என்ற கேள்விக்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதைச் செய்யாததற்கு மன்னித்துக்கொள்.

சந்திப்பு நாளன்று காவேரிப்பட்டினம் நிப்பட்டு இரண்டு பொட்டலத்தோடு வருகிறேன். ஒன்று எல்லோருக்கும். இன்னொன்று அவனுக்கு, வந்தால். எல்லோரும் குடும்பத்தோடு வந்து சேருங்கள். வணக்கம்.

முன்னாள் மாணவன்,
இயந்திரவியல் துறை